புதுப்பிப்பு: டைபீரியஸ் டெனாரியஸ் போலி அல்ல, அச்சுப்பிழைதான்

பின்பக்கத்தில் அமர்ந்த பெண் உருவத்துக்குப் பதிலாக ரோமப் பேரரசர் டைபீரியஸின் தலையே பள்ளமாக, இடவலம் மாறி விழுந்த டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு போலியா என்று முன்பு கேட்டிருந்தேன். அசல்தான்.

ரோமானிய அக்கசாலையில் தலை அச்சு கீழே பட்டடையில் பதிந்திருக்கும். பின்பக்க அச்சை மேலே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடித்த காசு மேல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் (இன்னும் அடிக்காத வெற்று உலோகத் தட்டில்) அதன் தலை குழிந்து பதியும். இந்தப் பிழையில் பெரும்பாலும் தலையே வருவது இதனால்தான். ஒட்டிய காசு அடிக்கு அடி நசுங்கி விரியும். அப்போது பள்ள உருவம் பெரிதாகி மங்கும். இந்தக் காசில் முன்பக்க மேட்டு உருவமும் பின்பக்கப் பள்ள உருவமும் ஒரே அளவு, எழுத்தும் கூர்மை. ஒட்டியதும் விழுந்த முதல் அடியாகவே இருக்க வேண்டும், அருமையான காசு!

அசல் காசோடு இன்னொரு காசைச் சேர்த்து வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) வைத்து அழுத்திய போலி என்றால் மேட்டுப்பக்கத்தில் மூக்கும் காதும் தட்டையாகியிருக்கும். இப்படி ஒரு காசு கிடைத்தால் அதை முதலில் பாருங்கள்.