கருப்பு வெள்ளைக்கு எந்த மென்பொருள்? கோட்டை, மண்டபம், சிரசுத் திருவிழா படங்கள்

பாலாற்றங்கரை:
வணக்கம். சுமார் 40 படங்களைக் கருப்பு வெள்ளையாக்கி 12x18 அங்குலத்தில் பிரிண்ட் போட வேண்டும். வேலூர்க் கோட்டை மதிலும் அகழியும் (ஏப்ரல் மாதம், நடுப்பகல்), ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா (அம்மன் சிரசு ஊர்வலம்) முகங்கள் என மூன்று வகை. எல்லாமே 24 மெகாபிக்சல் ரா ஃபைல்கள் (கேமரா பதிந்தபடியே இருக்கும், பதப்படுத்தாத கோப்புகள்). லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள் வேண்டாம். ஜிம்ப் என்ற இலவசப் பட எடிட்டரில் டீசாச்சுரேட் (நிறத்தை நீக்கும் கட்டளை) கொடுத்தால் படம் சவசவ என்று வருகிறது. மஞ்சள் புடவையும் அதன் சிவப்புக் கரையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. மென்பொருளை மாற்றுவதா, முறையை மாற்றுவதா?

காட்பாடி ஜங்ஷன்:
முதலில் முறையை மாற்றுங்கள். ஜிம்ப்பின் டீசாச்சுரேட்டில் லைட்னஸ் என்ற வகையைத் தேர்ந்திருப்பீர்கள். அது ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. சுத்த மஞ்சள் 255, 255, 0. சுத்தச் சிவப்பு 255, 0, 0. இரண்டுக்கும் விடை 127.5தான். புடவையும் கரையும் ஒட்டிப்போக இதுதான் காரணம். அதே பட்டியலில் லூமா என்ற வகையைப் போட்டுப் பாருங்கள். அது பச்சைக்குச் சுமார் 0.72, சிவப்புக்கு 0.22, நீலத்துக்கு 0.06 எடை கொடுக்கும். மஞ்சள் சுமார் 240 ஆகும், சிவப்பு சுமார் 56 ஆகும். இரண்டும் பளிச்சென்று பிரிந்துவிடும்.

எடையை நீங்களே வைக்க வேண்டுமானால் அதே மெனுவில் மோனோ மிக்சர் இருக்கிறது. மூன்று எண்ணும் சேர்ந்து 1 வர வேண்டும். சிவப்பு 0.5, பச்சை 0.4, நீலம் 0.1 நல்ல தொடக்கம். கூட்டுத்தொகை 1ஐத் தாண்டினால் வெளிச்சமான இடம் வெறும் தாளாக வெளுத்துவிடும். நீலத்தை மைனஸில் கொண்டுபோனால் வானம் கறுக்கும், கூடவே குருணையும் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) வரும். சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. பச்சை சேனல் (அந்த நிறத்துக்கான பதிவு) சுத்தமாக இருப்பதற்கும் நீலம் அழுக்காக இருப்பதற்கும் அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஜிம்ப் ரா ஃபைலைத் தானே திறக்காது. ரா ஃபைலுக்கென்றே இருக்கும் டார்க்டேபிள் அல்லது ரா தெரபி மென்பொருளைக் கூப்பிட்டுத்தான் திறக்கும். அப்படியிருக்க, மாற்றத்தையும் அங்கேயே முடித்துவிடுவது நல்லது. இரண்டும் இலவசம். என் பரிந்துரை டார்க்டேபிள். அதன் கலர் காலிபரேஷன் மாட்யூலின் (கருவியின்) முதல் பிரதி வெள்ளைச் சமநிலைக்கு (வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்ய) இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். இரண்டாவது பிரதி ஒன்று சேர்த்து, அதன் கிரே தாவலில் மூன்று எண்களையும் வையுங்கள். நார்மலைஸ் பெட்டியை டிக் செய்தால் கூட்டுத்தொகையை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்ஃபோர்டு ஹெச்பி5, எஃப்பி4 போன்ற ஃபிலிம்களின் முன்னமைவுகளும் அங்கே உண்டு. அவற்றைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் தறி:
ஜங்ஷன் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் திருவிழா முகங்களுக்கு மூன்று எண்கள் போதாது. மஞ்சள் பூசிய கன்னம், மாநிறக் கழுத்து, குங்குமம், வெற்றிலை போட்ட உதடு எல்லாமே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நிறங்கள். சிவப்பு எண்ணைக் கூட்டினால் முகம் தெளியும், ஆனால் நெற்றிப் பொட்டு தோலோடு கரைந்து காணாமல் போகும். குறைத்தால் பொட்டு நிற்கும், முகம் கரியாகிவிடும். நம் ஊர்த் தோல் நிறத்துக்கு இந்த ஒரு இடம்தான் உயிர்நாடி.

இதற்கு ரா தெரபி வசதி. கலர் தாவலில் பிளாக் அண்ட் ஒயிட் கருவியைத் திறந்து, முறையில் லூமினன்ஸ் ஈக்வலைசரைத் தேர்ந்தெடுங்கள். நிறவரிசைப்படி ஒரு வளைகோடு வரும். சிவப்பில் ஒரு புள்ளி வைத்துக் கீழே இறக்குங்கள், ஆரஞ்சில் ஒரு புள்ளி வைத்து மேலே ஏற்றுங்கள், மஞ்சளை நடுவிலேயே விடுங்கள். பொட்டு கறுப்பாக நிற்கும், முகம் எழும்பும், புடவை வெளுத்துப் போகாது. கோடு ஊசிமுனை மாதிரி ஏறி இறங்கக் கூடாது. செங்குத்தாக இருந்தால் கன்னத்தில் தேமல் போலத் திட்டுத் திட்டாக விழும். அப்படி விழுந்தால் புள்ளிகளை அகல வைத்துச் சரிவைத் தளர்த்துங்கள்.

வரிசையும் முக்கியம். நிற இரைச்சலை முதலில் குறையுங்கள். கலரில் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு, நீலத் திட்டுகள் மாற்றிய பிறகு வெள்ளை, கறுப்புத் திட்டுகளாக முகத்தில் ஏறிக்கொள்ளும். ரா தெரபியில் இரைச்சல் குறைப்பை 100 சதவீதப் பெரிதாக்கலில் பார்த்தே முடிவு செய்யுங்கள். முழுப்படமாகச் சுருக்கி வைத்திருந்தால் அதன் விளைவு தெரியாது. 8 ஜிபி ரேமில் டார்க்டேபிளும் ஓடும், ஆனால் அதன் டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் மாட்யூல் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பை மூச்சுத் திணறவைக்கும்.

தொரப்பாடி லென்ஸ்:
கருப்பு வெள்ளைக்கென்றே இருக்கும் சில்வர் எஃபெக்ஸ் மென்பொருள் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது அடங்கிய நிக் தொகுப்பை 2016இல் கூகுள் இலவசமாகக் கொடுத்தது. 2017இல் அது டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் கைக்குப் போனது, புதிய பதிப்புகள் காசு கொடுத்து வாங்குபவை. சந்தா கிடையாது, ஒரே தடவை வாங்கினால் போதும், சோதனைப் பதிப்பும் உண்டு. கன்ட்ரோல் பாயின்ட் (தொட்ட இடத்தை மட்டும் மாற்றும் புள்ளி) வைத்து ஒரு தூணின் முகத்தை மட்டும் ஏற்றி இறக்குவதற்கு அதைப் போல வேகமானது வேறில்லை. வெளிச்சத்தை 0 முதல் 10 வரை 11 மண்டலமாகப் பிரித்துக் காட்டும் வசதியும் பிரிண்ட் போடுபவர்களுக்கு அருமை.

ஆனால் உங்கள் கல் படங்களுக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம். கோட்டை மதில் கருங்கல். அதில் நிறம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அதனால் எந்த நிற ஸ்லைடரை இழுத்தாலும் கல் அசையாது. அசைவது அகழித் தண்ணீரின் பச்சையும் மரங்களும்தான். கல்லுக்கு வேண்டியது லோக்கல் கான்ட்ராஸ்ட் (அடுத்தடுத்த இடங்களுக்கு இடையிலான ஒளி வேறுபாடு). அதையும் அளவோடு ஏற்றுங்கள். மண்டபத்து யாளித் தூண்களில் உளி செதுக்கிய குழிவுகள் நிழலால்தான் தெரிகின்றன. அதை ஏற்றும் ஸ்ட்ரக்சர் ஸ்லைடரை அள்ளிப் போட்டால் குழிவும் மேடும் ஒரே மாதிரி சொரசொரவென்று ஆகி, யாளியின் வாய் ஆழம் தட்டையாகிவிடும். மண்டபத்துக்குள் பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்திருந்தால் வெள்ளைச் சமநிலையே உங்களுக்கு ஃபில்டர். சிவப்புக்கு எடை கூட இருக்கும்போது பல்பு படும் பக்கம் எழும்பும், வெளிப்பக்கம் அடங்கும்.

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. ரா தெரபியில் முகங்கள் பிரமாதமாக வருகின்றன. கோட்டைப் படத்தில்தான் சிக்கல். நீலத்தை எவ்வளவு இறக்கினாலும் வானம் வெள்ளையாகவே நிற்கிறது. இன்னும் இறக்கினால் மதிலின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடுகிறது.

காட்பாடி ஜங்ஷன்:
ஏப்ரல் நடுப்பகல் வானத்தில் நீலம் இருந்தால்தானே தம்பி இறங்கும். தூசியும் வெக்கையும் சேர்ந்து வானம் வெளிறிக் கிடக்கும். இல்லாத நிறத்தை ஸ்லைடர் பிடித்து இழுக்கும்போது இரைச்சல்தான் கையில் வரும். விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடும் அதே இழுப்பின் விளைவு. வானமும் கல்லும் கலந்த புள்ளிகளில் நீலம் பாதிதான் இருக்கிறது, அதனால் அவை பாதிதான் இறங்குகின்றன. நீலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கிராஜுவேட்டட் ஃபில்டரை (ஒரு பக்கத்தை மட்டும் படிப்படியாக இருட்டாக்கும் கருவி) எடுத்து, மேலிருந்து மதில் தலைப்பு வரை 0.7 முதல் 1 ஸ்டாப் (1 ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) இறக்குங்கள். மாறும் பகுதியை அகலமாக வையுங்கள். வானத்தில் ரா ஃபைலே எரிந்து உச்ச அளவில் முட்டியிருந்தால் இதுவும் உதவாது, வெறும் சாம்பல் பூச்சாகத் தெரியும். அந்தப் படங்களில் வானத்தை வெட்டிவிட்டு மதிலையும் அகழி நிழலையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்து தை வாக்கில் எடுக்கும் படங்களில் நீல ஸ்லைடர் தானாக வேலை செய்யும்.

தொரப்பாடி லென்ஸ்:
பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் சில விஷயங்கள். 18 அங்குலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 5400x3600 புள்ளிகள். உங்கள் 24 மெகாபிக்சல் 6000x4000 இருக்கும், பெரிதாக்கத் தேவையில்லை. எடிட் முழுவதும் 16 பிட்டில் நடக்கட்டும், கடைசியில் மட்டும் ஜேபெக். கிரேஸ்கேல் (சாம்பல் மட்டும்) முறையில் சேமிக்காதீர்கள், வழக்கமான கலர் முறையான எஸ்ஆர்ஜிபியாகவே கொடுங்கள். கிரே ப்ரொஃபைலை லேப் மெஷின் தப்பாகப் படித்தால் நடுச்சாம்பல் எல்லாம் இடம் மாறிவிடும்.

கலர் லேப் தாளில் கருப்பு வெள்ளை போட்டால் லேசாகப் பச்சையோ மெஜந்தாவோ ஏறும். ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். முழு 40ஐயும் கொடுப்பதற்கு முன், ஒரு முகம், ஒரு தூண், கூடவே 0 முதல் 255 வரை 11 படிச் சாம்பல் பட்டை, மூன்றையும் ஒரே 8x12 தாளில் அடுக்கிப் போடச் சொல்லுங்கள். பட்டையில் கறுப்புப் பக்கம் முதல் இரண்டு படிகள் ஒட்டிக்கொண்டால் உங்கள் நிழல்களை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டும். தாளை வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், கடை டியூப்லைட்டில் பார்த்தால் சாயம் ஏமாற்றும். லேப்டாப் திரை முழுப் பிரகாசத்தில் இருந்தால் பிரிண்ட் இருட்டாகத்தான் தெரியும். பாதிக்கு இறக்கி வைத்து எடிட் செய்யுங்கள்.

குடியாத்தம் தறி:
சோதனைத் தாளுக்கு முகம் தேர்ந்தெடுக்கும்போது மஞ்சள் புடவையும் சிவப்புக் கரையும் இருக்கும் படத்தையே எடுங்கள். தாளில் கரையின் ஜரிகை தனியாகத் தெரிந்தால் மற்ற முகங்களுக்கும் அதே வளைகோட்டைக் காப்பி செய்துவிடலாம். வெயிலில் எடுத்ததற்கு ஒன்று, பந்தல் நிழலில் எடுத்ததற்கு ஒன்று என ரா தெரபியில் இரண்டு ப்ரொஃபைலாக (அமைப்புகளின் தொகுப்பாக) சேமியுங்கள். நிழலில் தோல் நிறம் நீலத்தை நோக்கிச் சாயும், வெயிலுக்கு வைத்த ஆரஞ்சுப் புள்ளி அங்கே சரியாகப் பிடிக்காது.