சேகரிப்பு மையத்திலிருந்து ஆய்வகம் வரை: மாதிரிகளைக் கைபேசியில் ஸ்கேன் செய்து கண்காணிப்பது எப்படி?

கேள்வி: ஆய்வகப் பொறுப்பாளர்

வணக்கம். எங்கள் ஆய்வகத்துக்குப் பன்னிரண்டு சேகரிப்பு மையங்களிலிருந்து நாள்தோறும் ரத்தம், சிறுநீர், திசு மாதிரிகள் வருகின்றன. ஒவ்வொரு பெட்டியுடனும் கையால் எழுதிய பட்டியல் ஒன்று வரும். வரவேற்பு மேசையில் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுவோம். சென்ற மாதம் தண்டுவடத் திரவ மாதிரி ஒன்று பட்டியலில் இருந்தது, பெட்டியில் இல்லை. அனுப்பிவிட்டோம் என்று மையம் சொன்னது. கொடுத்ததைத்தான் கொண்டுவந்தேன் என்று ஓட்டுநர் சொன்னார். வரவில்லை என்று நாங்கள் சொன்னோம். மூவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எந்த இடத்தில் காணாமல் போனது என்று காட்ட எங்களிடம் ஒரு வரிப் பதிவுகூட இல்லை. ரத்தம் என்றால் மறுபடி எடுத்துவிடலாம், இதை அப்படி எளிதாக எடுக்க முடியுமா?

ஓட்டுநர்களிடமும் மையப் பணியாளர்களிடமும் கைபேசி இருக்கிறது. அதிலுள்ள கேமராவே போதுமா, தனி ஸ்கேனர் வாங்க வேண்டுமா? ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கேன் செய்யத்தான் வேண்டுமா? வழியில் சிக்னல் இல்லாத இடங்களும் உண்டு. நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: மாதிரி வரவேற்புப் பிரிவு

கருவியைப் பற்றிப் பிறகு பேசலாம். மாதிரி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடங்கள் எவை என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்தவர் மையத்தின் பொதிமேசையில் வைப்பது, அங்கிருந்து ஓட்டுநர் எடுப்பது, ஓட்டுநர் உங்களிடம் கொடுப்பது: உங்கள் நிலையில் பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஸ்கேன் நடக்க வேண்டியது இந்த இடங்களில்தான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் செய்யும் ஸ்கேனால் யாருடைய பொறுப்பும் மாறுவதில்லை. ஓட்டுநரின் பொறுமைதான் குறையும்.

குழாயை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்வது இரண்டு முனைகளில் மட்டும் போதும். மையத்தில் குழாய்களைப் பையில் போடும்போது ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, பையின் எண்ணோடு இணைத்து, பையை ஒட்டி மூடிவிட வேண்டும். ஓட்டுநர் பையின் எண்ணை மட்டும் ஸ்கேன் செய்வார். யுஎன் 3373 வகைப் பொதிகளில் (நோய் ஆய்வு மாதிரிகளை அனுப்புவதற்கான பொதி வகை) உள்கலம், கசியாத இரண்டாம் உறை, வெளிப்பெட்டி என மூன்று அடுக்கு எப்படியும் இருக்கும். பார்கோடு இரண்டாம் உறையின் வெளிப்புறத்தில் இருந்துவிட்டால் ஓட்டுநர் எதையும் திறக்கவோ குழாயைத் தொடவோ தேவையில்லை.

ஆனால் உங்கள் மேசையில் மறுபடி ஒவ்வொரு குழாயையும் ஸ்கேன் செய்தே தீர வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை செய்த இடத்தில், பையை ஸ்கேன் செய்தவுடன் அதிலுள்ள எல்லாக் குழாய்களும் ‘பெறப்பட்டது’ என்று மாறும்படி வைத்திருந்தார்கள். ஒரு மாலை, பதினான்கு குழாய்கள் இருக்க வேண்டிய பையில் பதின்மூன்றுதான் இருந்தன. திரையோ பதினான்கும் வந்துவிட்டதாகச் சொன்னது. மறுநாள் முடிவு கேட்டு மருத்துவர் அழைத்தபோதுதான் தேடினோம். உறைக்குள் வைக்கும் உறிஞ்சுதாளின் மடிப்பில் அந்தக் குழாய் ஒட்டிக்கொண்டு, தாளோடு கழிவுத்தொட்டிக்குப் போயிருந்தது. அன்று முதல், பை ஸ்கேனால் குழாயின் நிலை மாறக் கூடாது என்று விதி வைத்தோம்.

வந்தவற்றின் பட்டியலை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ‘அனுப்பப்பட்டது, இன்னும் வரவில்லை’ என்ற பட்டியல்தான் உங்களுக்கு வேண்டியது. அதைப் பெட்டி வந்து சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் ஒருவர் பார்த்தாக வேண்டும். அவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதில் 2: லேபிள், அச்சுப்பொறிப் பராமரிப்பு

கேமரா போதுமா என்ற கேள்விக்கு: ஓட்டுநருக்குப் போதும், உங்கள் மேசைக்குப் போதாது. பத்துப் பன்னிரண்டு பைகளை ஸ்கேன் செய்யக் கைபேசி தாராளம். நூற்றுக்கணக்கான குழாய்களைக் கையுறையோடு எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஃபோகஸ் வரக் காத்திருந்தால், இரண்டாம் நாளே பணியாளர் எண்ணைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவார். அந்த மேசைக்கு விசையுள்ள ஸ்கேனர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பல இடங்களில் செயலியைக் குறை சொல்கிறார்கள், உண்மையில் பிழை லேபிளில் இருக்கிறது. 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைச் சுற்றிப் பார்கோடு ஓடினால் இரு ஓரங்களும் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். லேபிள் குழாயின் நீளவாக்கில், கோடுகள் ஏணிப்படி போலத் தெரியும்படி ஒட்டப்பட வேண்டும். கோட் 128 என்ற பார்கோடு வகையில் இரு முனைகளிலும் மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு வெற்றிடம் வேண்டும். லேபிளில் இடம் போதவில்லை என்று அதை நறுக்கினால் எந்தக் கேமராவும் தடுமாறும். மாதிரி எண்ணை எண்களால் மட்டும் அமைத்தால் அதே வகை இரண்டு இலக்கங்களை ஒரே குறிக்குள் அடக்கிவிடும். நடுவில் எழுத்துகளைச் செருகினால் பார்கோடு நீண்டுகொண்டே போகும். இடமே இல்லாத சிறு குப்பிகளுக்கு, கோடுகளுக்குப் பதில் சிறு கட்டங்களாலான டேட்டா மேட்ரிக்ஸ் குறி நல்லது. அதில் பிழைதிருத்தம் உள்ளதால் ஒரு சிறு பகுதி சிதைந்தாலும் பெரும்பாலும் படித்துவிடும்.

வெப்பத்தாளில் நேரடியாக அச்சிட்ட லேபிளை ஆல்கஹாலால் துடைத்தால் எழுத்து மங்கும். மையங்களில் கிருமிநாசினித் திரவத்துக்குக் குறைவே இருக்காது, ஆகவே ரெசின் ரிப்பன் (பிசின் கலந்த மை நாடா) வைத்து அச்சிடும் வகையைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல். சில குழாய்களில் தயாரிப்பாளரே தொகுதி எண்ணுக்காக ஒரு பார்கோடு அச்சிட்டிருப்பார். உங்கள் லேபிள் சற்று விலகி ஒட்டப்பட்டிருந்தால் கைபேசி அதைப் படித்துவிடும்; அடுத்த குழாயிலும் அதே எண் வரும்போது ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று செயலி கத்தும், அவசரத்திலிருக்கும் செவிலியர் ‘தவிர்’ பொத்தானை அழுத்திவிடுவார். உங்கள் எண்ணின் வகை, நீளம், தொடக்க இலக்கங்கள் மூன்றும் பொருந்தாத எதையும் செயலி ஏற்கக் கூடாது.

பதில் 3: செயலி உருவாக்குபவர்

சிக்னல் இல்லாத இடங்களுக்கு வழி எளிது: ஒவ்வொரு ஸ்கேனும் முதலில் கைபேசியிலேயே சேமிக்கப்பட வேண்டும், இணைப்புக் கிடைத்ததும் தானாக அனுப்பப்பட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியே ஒரு தனி அடையாளம் கொடுத்துவிட்டால், பாதியில் அறுந்த இணைப்பால் அதே பதிவு இரண்டு முறை வந்தாலும் சர்வர் ஒன்றாகவே கொள்ளும். ஸ்கேன் செய்த நேரத்தையும் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் தனித்தனியாக வையுங்கள். யாராவது கைபேசிக் கடிகாரத்தை மாற்றி வைத்திருந்தால் இந்த இரண்டின் வேறுபாடுதான் காட்டிக்கொடுக்கும். அது இல்லாவிட்டால், மாதிரி எடுக்கப்படும் முன்பே ஆய்வகத்துக்கு வந்துவிட்டதாக ஒரு பதிவு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

பார்கோடில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி எதையும் ஏற்றாதீர்கள். வெறும் எண் போதும். அதே லேபிளில் மனிதர் படிக்கும் பெயர் இருக்கட்டும், ஏனென்றால் தவறான நோயாளியின் லேபிள் ஒட்டப்பட்ட குழாயையும் ஸ்கேனர் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்தத் தவறைத் தடுக்கும் இடம், நோயாளியின் எதிரில் நின்று பெயர் கேட்டு லேபிள் ஒட்டும் அந்த நிமிடம் மட்டுமே.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. நேரத்தைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். எங்கள் மென்பொருளில் லேபிள் அச்சிட்ட நேரமே ‘எடுத்த நேரம்’ என்று பதிவாகிறது. அது போதுமா?

பதில் 1: மாதிரி வரவேற்புப் பிரிவு

போதாது. பதிவு மேசையில் லேபிள் அச்சாகி, நோயாளி ஒரு மணி நேரம் கழித்துக்கூட ஊசிக்கு வருவார். சீரம் பிரிக்காத ரத்தத்தில், சர்க்கரை சிதைவதைத் தடுக்கும் பொருள் சேர்க்காத குழாயில், அறை வெப்பத்தில் குளுக்கோஸ் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும். ஏபிடிடி போன்ற உறைதல் சோதனைக்கு வழக்கமாக 4 மணி நேரம்தான் எல்லை. கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதே பிழையாக இருந்தால், நல்ல மாதிரியைத் தள்ளிவிட்டுக் கெட்டுப்போன மாதிரியைச் சோதிப்பீர்கள். ரத்தம் எடுத்து லேபிள் ஒட்டிய கையோடு ஒரு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நான் முதலில் சொன்ன மூன்று இடங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்ப்பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் பொட்டாசியம் பொய்யாக உயரும். பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கான தண்டுவடத் திரவத்தையும் குளிரூட்டக் கூடாது. ஆகவே அறை வெப்பப் பைக்கும் குளிர்ப் பைக்கும் வேறு வேறு எண்வரிசை கொடுங்கள். குழாயைத் தவறான பையில் போட முயன்றால் மையத்திலேயே செயலி மறுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்:

எங்கள் பெட்டிகளில் இன்றுவரை எல்லாமே ஒரே குளிர்ப் பையில்தான் வருகின்றன. முதலில் அதைப் பிரிக்கிறேன். லேபிள் ஒட்டும் திசையையும் நாளைக் காலையில் எல்லா மையங்களிலும் பார்த்துவிட்டு, மிகத் தொலைவிலுள்ள ஒரு மையத்தில் மட்டும் இரண்டு வாரம் காகிதப் பட்டியலோடு சேர்த்தே ஸ்கேனையும் ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத நாள் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.