ஸுவார் அல்-தஹப்: கொடுத்த வாக்கும் விட்டுச்சென்ற போரும்

கடலோடி:
1985 ஏப்ரல் 6 அன்று சூடான் அதிபர் நிமெய்ரியை அகற்றிய தளபதி அப்துல் ரஹ்மான் ஸுவார் அல்-தஹப், ஓராண்டில் தேர்தல் நடத்தி விலகிக்கொள்வதாக வாக்களித்தார். 1986 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. ஆட்சி, பிரதமரான சாதிக் அல்-மஹ்தியிடம் சென்றது. பதவியில் நீடிக்க விரும்பியிருந்தால் தெற்கில் நடந்துகொண்டிருந்த போர் ஒன்றே போதிய சாக்காக இருந்திருக்கும். அதைப் பயன்படுத்தாத மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஏரிக்கரை:
கடலோடி அவர்களே, அந்தப் போரை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. 1983 செப்டம்பரில் நிமெய்ரி கொண்டுவந்த ஷரியா சட்டங்கள் தெற்கின் கோபத்தைக் கூர்மையாக்கின. அவற்றை எதிர்த்த முதியவர் மஹ்மூத் முஹம்மத் தாஹா 1985 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். ஓராண்டு முழுவதும் அதிகாரம் கையில் இருந்தும் ஸுவார் அல்-தஹப் அச்சட்டங்களை நீக்கவில்லை. 1969 மே மாதம் தொடங்கிய நிமெய்ரி ஆட்சியின் தொடர்ச்சியாகவே இந்த இடைக்கால ஆட்சியைக் கண்ட தெற்கின் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜான் கராங், அதை 'இரண்டாம் மே' என்று அழைத்து ஒதுங்கி நின்றார். தெற்கின் பல தொகுதிகளில் வாக்குப்பதிவே நடக்கவில்லை.

நீலமலை:
மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வேலைநிறுத்தம் செய்து, மக்கள் தெருவில் இறங்கிய பிறகே ராணுவம் அசைந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் வென்றெடுத்ததைத் தளபதியின் கொடையாக எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கடலோடி:
அதை மறுக்கவில்லை, இடைக்காலப் பிரதமரானவரே மருத்துவர் சங்கத் தலைவர் அல்-ஜஸூலி தஃபல்லாதான். ஆனால், மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் அடிப்படைச் சட்டங்களில் கைவைக்காமல், வரப்போகும் நாடாளுமன்றத்துக்கு விட்டுவைத்தது முறைதானே?

ஏரிக்கரை:
அரசியலமைப்பை நிறுத்திவைத்து நாடாளுமன்றத்தைக் கலைக்கும் உரிமை அவருக்கு இருந்ததென்றால், மக்களைச் சவுக்கால் அடிக்கவும் கையை வெட்டவும் இடமளித்த சட்டங்களை நிறுத்திவைக்கும் உரிமை மட்டும் எப்படி இல்லாமல் போனது? 1989 ஜூனில், அச்சட்டங்களை நிறுத்திவைத்துக் கராங்குடன் சமாதானம் காண சாதிக் அரசு முனைந்திருந்த வேளையில்தான் ராணுவ அதிகாரி ஒமர் அல்-பஷீர் ஆட்சியைக் கைப்பற்றினார்.

கடலோடி:
அந்த ஓராண்டில் செய்யத் தவறியது பெரிது என்பதை ஏற்கிறேன். அதற்குப் பிறகு பஷீர் 30 ஆண்டுகள் விலகவே இல்லை என்பதை நினைக்கும்போது, நாள் குறித்து விலகியவர்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை.