என்.டி.ஏ. தேர்வு எழுதப் போகிறேன் என்கிறான் மகன், விடலாமா?

தங்கச்சிமடம் அப்பா: பையன் ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப். உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்து ஹெலிகாப்டரை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன். கடற்படை அதிகாரி ஆகணுமாம். எனக்குப் படகு ஒன்று, அதன் மேல் கடன். கல்லூரியே வேண்டாம், என்.டி.ஏ. (முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாதமி) மட்டும்தான் என்று நிற்கிறான்.

பாம்பன் காத்து: தாராளமாக விடுங்கண்ணே. புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், படிப்பும் சாப்பாடும் அரசு செலவு. முடித்தால் டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகப் பட்டம். இதைவிட என்ன வேணும்?

தொண்டி டீச்சர்: காத்து, அண்ணன் எழுதியதை முழுசாகப் படித்தீர்களா? காமர்ஸ் குரூப்புக்குக் கடற்படை கிடையாது. அதற்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் படித்திருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் சரி, ஆனால் 300 மதிப்பெண் கணக்குத் தாளை எல்லாரும் எழுதியே தீரணும். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும்.

பாம்பன் காத்து: இப்படிப் பயமுறுத்தியே நம்ம பிள்ளைகளைக் கரையில் உட்கார வைக்கிறீங்க. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால், அடுத்து வரும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்கும் 900. அங்கே கயிறு, பலகை, டிரம் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். வலை இழுத்த பயலுக்கு முடிச்சுப் போடத் தெரியாதா?

தொண்டி டீச்சர்: தெரியும். தனியாகச் சத்தமில்லாமல் போட்டு முடித்துவிடுவான், அதுதான் சிக்கல். பலகையை எங்கே வைக்கலாம் என்று கூட நிற்பவர்களிடம் பேசி, அவர்களையும் இழுத்துக்கொண்டு தாண்டுகிறானா என்றுதான் பார்ப்பார்கள். எங்க பிள்ளைகள் அங்கேதான் வாயை மூடிக்கொள்கின்றன.

மண்டபம் மாஜி: (கடற்படையில் மாலுமியாக இருந்தவன்.) முதலில் கண் டாக்டரிடம் போங்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்துக்குள் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். நிறக்குறைபாடு இருப்பது பலருக்கு அதுவரை தெரியவே தெரியாது. அப்புறம் பத்திரம். பாதியில் தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள். பயிற்சியில் அடிபட்டு வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைக்காமல் இருந்தது, அதை 2025இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

பாம்பன் காத்து: அதற்காக யாருமே போகக் கூடாதா மாஜி? 2022 முதல் பொம்பளப் பிள்ளைகளே அங்கே பயிற்சி எடுக்கிறார்கள். பத்தொன்பதரை வயதுக்குள் சேரணும். இப்போது விட்டால் எப்போது?

தொண்டி டீச்சர்: பட்டம் வாங்கியபிறகு சி.டி.எஸ். என்ற பட்டதாரிகளுக்கான படை அதிகாரித் தேர்வை எழுதலாம், சென்னை பரங்கிமலையிலேயே பயிற்சி. என்.டி.ஏ. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, பி.காம். படித்துக்கொண்டே எழுதட்டுமே. கல்லூரி வேண்டாம் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாம்பன் காத்து: இரண்டு படகில் கால் வைத்தால் ஒழுங்காகப் படிப்பானா டீச்சர்?

தங்கச்சிமடம் அப்பா: கடற்படை இல்லை என்றதும் பையன் முகம் தொங்கிப்போச்சு. தரைப்படை பரவாயில்லையா என்று யோசிக்கிறான். நாளைக்கு ராமநாதபுரத்தில் கண் டாக்டர். மாஜி, அந்தப் பத்திரத்தில் கையெழுத்து நான் போடணுமா?

மண்டபம் மாஜி: ஆமாம், பெற்றவர்தான். படித்துப் பார்த்துப் போடுங்கள்.