விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாற்றிய புத்தகப் பட்டியலில் தமிழ் சிதைந்துவிட்டது, உதவுங்கள்

வாசகசாலைத் தம்பி:
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையின் புத்தகப் பட்டியல் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், மைஎஸ்கியூஎல் 5.1 என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல வருடமாக ஒற்றை விரலால் தட்டிச் சேர்த்தது. ஹார்டு டிஸ்க் முனக ஆரம்பித்ததால், டம்ப் (முழுத் தரவின் நகல் கோப்பு) எடுத்து உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் 8-இல் ஏற்றினேன். ஏற்றும் முன், டம்ப் கோப்பில் குறியேற்றம் (எழுத்துகளை எண்ணாக வைக்கும் முறை) 'லாட்டின்1' என்றிருந்ததை எல்லாம், தமிழும் அடங்கும் 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றினேன்.

இப்போது அநேகமாக ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', அதன் பின் வட்டத்துக்குள் 'ஆர்', பின் ஏதோ ஒரு குறி என்று மூன்றாக வருகிறது. ஐகான்வி என்ற குறியேற்ற மாற்றுக் கருவியை வைத்து டம்ப்பை விண்டோஸ்-1252க்கு (லாட்டின்1 போன்ற விண்டோஸ் குறியேற்றம்) மாற்றினேன். பிழை காட்டி நின்றது. மாற்ற முடியாததை விட்டுவிடச் சொல்லி மறுபடி ஓட்டினேன். தமிழ் திரும்பியது, ஆனால் புள்ளி ஒன்றுகூட இல்லை! 'குளம்' என்ற சொல்லில் க, ள, ம மட்டும். நடுவில் கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறி. ஆசிரியருக்கு இன்னும் சொல்லவில்லை.

தென்காசிக்காரன்:
பழைய கணினி என்றால் பாமினி எழுத்துருவாக இருக்கும் தம்பி. எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

பைட் அண்ணன்:
பாமினி இல்லை சார். பாமினி என்றால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வெறும் ஆங்கில விசைகளாக வரும். சாய்கோட்டு ஏ, வட்ட ஆர் என்பது யூனிகோடு தமிழின் அடையாளம். 'த' யூடிஎஃப்-8இல் 224, 174, 164 என்ற மூன்று பைட் (0 முதல் 255 வரையான எண்). அவற்றைத் தனித்தனி எழுத்தாக லாட்டின்1 கண்ணாடி போட்டுப் படித்தால் 224 சாய்கோட்டு ஏ, 174 வட்ட ஆர்.

தம்பி, பழைய கணினியை அணைத்து வைத்துவிடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். உபுண்டுவில், 'த' என்று தொடங்கும் ஒரு தலைப்பை ஹெக்ஸ் கட்டளையில் (பைட்டுகளைப் பதினாறடிமான இலக்கமாகக் காட்டும்) பார்த்து, முதல் 12 இலக்கத்தை இங்கே போடுங்கள்.

வாசகசாலைத் தம்பி:
சி3ஏ0 சி2ஏஇ சி2ஏ4 அண்ணா.

பைட் அண்ணன்:
அப்படியானால் இரட்டைக் குறியேற்றம். சரியாக இருந்தால் 'த' என்பது இ0ஏஇஏ4 என்று 6 இலக்கத்தில் முடிந்திருக்கும்.

நடந்தது இதுதான். மைஎஸ்கியூஎல்லில் 8.0 வரும் வரை, அதாவது 2018 வரை, இயல்பான குறியேற்றம் லாட்டின்1. உங்கள் பழைய நிரல் யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பியது. அட்டவணை அவற்றை 'லாட்டின்1' என்று சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்தது. எடுக்கும்போதும் அதே பைட்டைக் கொடுத்ததால் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. டம்ப் எடுக்கும்போது அது லாட்டின்1இலிருந்து யூடிஎஃப்-8க்கு ஒருமுறை மாறியது. ஏற்றும்போது திரும்பவும் லாட்டின்1 ஆகியிருந்தால் பழைய பைட் கிடைத்திருக்கும். நீங்கள் சீட்டை மாற்றியதால் அந்தத் திரும்பும் வழி அடைபட்டது.

புள்ளி போனதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடம் காலி. புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியின் கடைசி பைட் 129, 'ஏ' 143, 'ஐ' 144. ஐகான்வி அவற்றைத் தூக்கி எறிந்தது. மைஎஸ்கியூஎல்லின் லாட்டின்1 அந்த ஐந்தையும் விடாமல் வைத்துக்கொள்கிறது, அதனால் மைஎஸ்கியூஎல்லுக்கு உள்ளேயே பழுதைச் சரிசெய்யுங்கள்.

முதலில் எடுத்த டம்ப்பை, ஒரு எழுத்தும் திருத்தாமல், புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள். பிறகு ஆல்டர் டேபிள் (அட்டவணையை மாற்றும் கட்டளை) கொடுத்து, தலைப்பு நெடுவரிசையை வார்பைனரி (வெறும் பைட் வகை) ஆக்குங்கள். அடுத்த கட்டளையில் அதையே யூடிஎஃப்8எம்பி4 வார்கேர் (எழுத்து வகை) ஆக்குங்கள். வார்பைனரி ஆனதும் பழைய சீட்டு கிழிந்துவிடும், பைட் அசையாது. நேராக லாட்டின்1இலிருந்து யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றினால் மறுபடி இரட்டையாகும்.

வாசகசாலைத் தம்பி:
அண்ணா, நூலாசிரியர், பதிப்பகம் நெடுவரிசைகளுக்கும் அதையே செய்தேன், இரண்டும் வந்துவிட்டன! புள்ளி, உகரம் எல்லாம் இருக்கிறது. தலைப்பு மட்டும் 1366 (தவறான எழுத்துத் தொடர்) பிழை காட்டி நிற்கிறது. அந்த நெடுவரிசையின் நீளம் 60.

பைட் அண்ணன்:
லாட்டின்1இல் 60 என்றால் 60 பைட். தமிழில் 20 குறியீடுதான், 'மி' போன்றதற்கே இரண்டு போய்விடும். நீளத் தலைப்புகளை 5.1 சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது. நடுவில் ஒரு இடைவெளி இருந்தாலே கணக்கு மூன்றின் மடங்கிலிருந்து விலகி, கடைசி எழுத்து பாதியில் அறுபடும். வார்பைனரியாக இருக்கும்போதே நீளம் சரியாக 60 உள்ள வரிகளை எடுத்து, வாலில் தொங்கும் ஒன்றிரண்டு பைட்டை நறுக்கிவிடுங்கள். வார்கேர் ஆக்கும்போது நீளம் 255 கொடுங்கள். வெட்டுப்பட்ட மிச்சம் டேட்டாபேஸில் எங்கும் இல்லை, அதற்கு நான் வழி சொல்ல முடியாது.

வாசகசாலைத் தம்பி:
முடிந்தது அண்ணா. 60 பைட்டில் நின்ற தலைப்புகள் 43. ஆசிரியரை அழைத்து வந்து விஷயத்தைச் சொன்னேன். "புத்தகம் அலமாரியிலதானே இருக்கு" என்றார். அவர் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைப் பார்த்து வாசிக்க, நான் முழுத் தலைப்பையும் தட்டினேன். இருட்டுவதற்குள் 31 முடித்தோம். மீதி 12 வாசகர் கையில் இரவலில் இருக்கின்றன. திரும்பி வர வரச் சேர்ப்போம்.