புரோகிராமை ஒரு நொடி தூங்கச் சொன்னால் எவ்வளவு நேரம் தூங்கும்? உங்கள் ஸ்லீப் அனுபவங்களைச் சொல்லுங்கள்

குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் வெப்பநிலையை நொடிக்கு ஒருமுறை பதிவு செய்ய, லினக்ஸ் போர்டு ஒன்றில் சி மொழியில் சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். சென்சாரைப் படி, ஃபைலில் எழுது, ஸ்லீப்(1) (ஒரு நொடி ஓடாமல் காத்திருக்கச் சொல்லும் ஃபங்ஷன்), மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு 86,400 வரிகள் வர வேண்டும். மறுநாள் எண்ணினால் ஆயிரத்துக்கு மேல் குறைகிறது. சென்சார் இணைப்பில்தான் கோளாறு என்று இரண்டு நாள் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் அடுத்தடுத்த வரிகளின் நேரத்தைக் கழித்துப் பார்த்தேன். எந்த வரியும் விடுபடவில்லை. படித்து எழுத 12 மில்லி நொடி ஆகிறது. ஒரு நொடித் தூக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆக ஒரு சுற்று 1.012 நொடி. நாள் முழுக்கச் சேர்ந்தால் சுமார் 1,025 வரிகள் குறையும்.

தூக்கத்தை 0.988 நொடியாகக் குறைக்கலாமே என்றார் கூட வேலை பார்த்தவர். அது சரிவராது. படிக்க ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். கேட்ட நேரத்துக்குக் குறையாமல் தூங்கவைப்பதுதான் ஸ்லீப்பின் வேலை. விழித்ததும் சிபியு எப்போது கிடைக்கும் என்பது எந்த புரோகிராம் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் கையில்.

கடைசியில் கிளாக்_நானோஸ்லீப் என்ற இன்னொரு தூக்க ஃபங்ஷனுக்கு மாறினேன். அதற்கு டைமர்_ஆப்ஸ்டைம் என்ற ஃபிளாக் கொடுத்தால் 'இவ்வளவு நேரம் தூங்கு' என்பதற்குப் பதில் 'இந்த நேரத்துக்கு எழுப்பு' என்று சொல்லலாம். முந்தைய இலக்கோடு ஒரு நொடி கூட்டிக்கொண்டே போனேன். கடிகாரம் கிளாக்_மோனோடோனிக்காக இருக்கட்டும். கணினியின் தேதி, நேரத்தை யாராவது திருத்தினாலும் அது குதிக்காது. அன்றிலிருந்து கணக்கு இடிக்கவில்லை.

பதில்:

குறையாமல் தூங்கும் என்கிறீர்கள் அண்ணா, சிக்னல் (புரோகிராமுக்கு சிஸ்டம் அனுப்பும் அறிவிப்பு) வந்தால் அதுவும் இல்லை. சர்வர் பதில் தராவிட்டால் 30 நொடி பொறுத்து மறுபடி கேட்கும் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஒன்று வைத்திருந்தேன். சில சமயம் மூன்றே நொடியில் கேட்டது. டீமன் தொடங்கிவிட்ட சைல்டு புராசஸ் முடியும்போது வரும் சிக்னலுக்கு ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) போட்டிருந்தேன். அது ஓடி முடிந்ததும் ஸ்லீப் பாதியில் திரும்பிவிடுகிறது. மிச்சம் எத்தனை நொடி என்று அது திருப்பித் தரும் எண்ணை நான் பார்க்கவே இல்லை. சிக்னலால் நின்ற அழைப்பைத் தானே மறுபடி தொடங்கவைக்கும் எஸ்ஏ_ரீஸ்டார்ட் போட்டும் பயனில்லை, ஸ்லீப்புக்கு அது செல்லாது. இப்போது நானோஸ்லீப் தரும் மிச்ச நேரத்தை வைத்து மறுபடி தூங்கவிடுகிறேன்.

பதில்:

தம்பி, அதற்கும் ஆப்ஸ்டைம்தான் நல்லது. மிச்சக் கணக்கே வேண்டாம், அதே இலக்கு நேரத்தைக் கொடுத்து மறுபடி அழைத்தால் போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கிளாக்_நானோஸ்லீப் பிழை எண்ணை எர்னோவில் (வழக்கமாகப் பிழை எண் வைக்கப்படும் மாறி) வைக்காது, நேராகத் திருப்பித் தரும். மைனஸ் 1 வருகிறதா என்று சோதித்தால் பிழை தெரியாமலே போய்விடும்.