இராமநாதபுரத்தில் ஒரு பகல்: பதநீர், அரண்மனை, தொதல்

இராமேஸ்வரம் போகிற வழியில் இராமநாதபுரத்தில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். போன சித்திரையில் அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேராகப் போய் வந்தோம். அந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

பரமக்குடியிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பிவிட்டோம். சத்திரக்குடிப் பக்கம் பனை நிழலில் ஒரு அம்மா பானையோடு உட்கார்ந்திருந்தார். அப்பா உடனே வண்டியை நிறுத்தச் சொன்னார். வெயில் ஏறிவிட்டால் நல்ல பதநீர் கிடைக்காது என்பது அவர் கணக்கு. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, நுங்கை நசுக்கிப் போட்டு ஊற்றிக் கொடுத்தார் அந்த அம்மா. மகன் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்ததில் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

"தாத்தா, இதுதான் கள்ளா?"

"இல்லை அப்பு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுனா பதநீர். தடவாம விட்டா புளிச்சுக் கள்ளாயிரும்."

கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. அதனால் பனைமரத்தடியில் குடும்பத்தோடு நின்று குடிக்க இருப்பது இதுதான். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். அப்பா மூன்று பட்டை குடித்தார். அவர் சின்ன வயதுக்குப் போய்விட்டது முகத்திலேயே தெரிந்தது.

அந்தப் பக்கம்தான் போகலூர். சேதுபதிகளின் பழைய தலைநகரம் அது. கிழவன் சேதுபதி காலத்தில்தான், அதாவது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தலைநகரம் இராமநாதபுரத்துக்கு மாறியது. அங்கே அவர் கட்டிய அரண்மனைதான் இராமலிங்க விலாசம்.

உள்ளூர்க்காரர்களுக்கு 'அரண்மனை' என்றால் கடைவீதி, பஸ் நிற்கும் இடம். எங்கள் அப்பாவே அங்கே எத்தனையோ தடவை இறங்கித் துணி வாங்கியிருக்கிறாராம், உள்ளே போனதில்லையாம். எழுபத்து நான்கு வயதில் முதல் தடவையாகப் படியேறினார்.

வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கால் வைத்ததும் குளுமை. பெரிய பெரிய தூண்கள். முன்மண்டபத்தைத் தாண்டி உள்ளே போகப் போக, அரண்மனைக்கு வந்திருக்கிறோமா கோயிலுக்கு வந்திருக்கிறோமா என்று தோன்றும், அமைப்பே அப்படி. கருங்கல்லில் ராமர் பீடம் இருக்கிறது. சேதுபதிகள் அதில் அமர்ந்துதான் முடிசூடிக்கொள்வார்களாம்.

ஓவியங்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ராமாயணம், பாகவதம் ஒரு பக்கம். தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை இன்னொரு பக்கம். ராஜா ஐரோப்பியர்களைச் சந்திப்பது, அந்தப்புரத்துக் காட்சிகள் எல்லாம் உண்டு. என் மகள் ஐரோப்பியர் படத்தை விட்டு நகரவே இல்லை. வரைந்தவர் அவர்களை நேரில் பார்த்திருப்பாரா, யாரோ சொல்லக் கேட்டு வரைந்திருப்பாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் அவள் அப்படிக் கேட்டதில் அவ்வளவு சந்தோஷம்.

மனசு கனத்ததும் அங்கேதான். முந்நூறு வருடத்துச் சாயத்தின்மேல் யாரோ பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிள்ளைகளோடு வருகிறவர்கள், உள்ளே நுழையும் முன்பே சுவரில் கை படக்கூடாது என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், தயவுசெய்து.

கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் 1798 செப்டம்பரில் சந்தித்தது இதே இடத்தில்தான். கட்டபொம்மனைக் குற்றாலத்தில் தொடங்கி ஊர் ஊராகப் பின்னாலேயே அலையவிட்டு, கடைசியில் இங்கே பார்க்கச் சம்மதித்தார் ஜாக்சன். பேச்சு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பிவிட்டார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார். அப்பா இதைச் சொல்லி முடித்ததும் மகன் வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே எத்தனை எட்டு என்று நடந்து எண்ண ஆரம்பித்துவிட்டான்.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முன்கூட்டிச் சொல்லிவைத்தும் ஒரு கடையில் ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டார்கள். அப்புறம் அரண்மனை வாசலில் டீ குடித்துவிட்டுக் கீழக்கரைக்குக் கிளம்பினோம்.

இதைத்தான் அந்தச் சகோதரிக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்: அரண்மனையையும் கீழக்கரையையும் ஒரே நாளில் பாருங்கள். கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அரண்மனை எழும்ப அவர் உதவினார் என்பார்கள். காலையில் ராஜாவின் மண்டபத்தில் நின்றவர்கள், சாயங்காலம் அவருடைய சிநேகிதரின் ஊரில் நிற்கிறோம். பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்ததும், "அரண்மனைத் தூணோட அண்ணன் தம்பி மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். தொழுகை நேரம் என்பதால் வெளியே நின்றிருந்தோம். ஒரு பெரியவர் வந்து, "முடியட்டும் தம்பி, நானே கூட்டிப் போய்க் காட்டுறேன்" என்றார். சொன்னபடியே காட்டினார். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' கதையையும் சொன்னார், கல்லறையிலிருந்து மோதிரக் கை நீண்டதாகச் சொல்லும் அந்தக் கதையை. மகன் வாயைப் பிளந்து கேட்டான்.

கிளம்பும்போது தொதல் என்கிற இனிப்பு வாங்கினோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாசனை ஊர் வரைக்கும் வண்டியில் இருந்தது.

*

கீழக்கரையிலிருந்து ஒரு பதில்:

எங்கள் ஊரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. தொதல் கிண்டுவதை நேரில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் சேர்ந்து எண்ணெய் பிரிந்து வரும்வரை கை ஓயக்கூடாது. உம்மா கிண்டும்போது நாங்கள் மூன்று பேர் முறை போட்டு நிற்போம். வெளியூர்க்காரர்கள் சூட்டோடு கேட்பார்கள். ஆறி இறுகிய பிறகு வெட்டிச் சாப்பிடுங்கள், அதுதான் ருசி.

*

இன்னொருவர்:

நாங்கள் போனபோது ஒரு நாள் கூடுதலாக இருந்ததால் பாம்பனுக்கும் போனோம். விவேகானந்தர் 1897 ஜனவரியில் திரும்பி வந்து இறங்கிய கரை, பாஸ்கர சேதுபதி வரவேற்ற இடம். குந்துகாலில் மணிமண்டபம் இருக்கிறது. அரண்மனையைப் பார்த்துவிட்டு இங்கே வந்ததால் என் மாமியாருக்கு அந்த ராஜா வீட்டுக் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த மாதிரி இருந்ததாம். தூரத்தில் புது ரயில் பாலம் தெரிந்தது. இருட்டும்வரை கடற்காற்றில் உட்கார்ந்திருந்தோம், மாமியார்தான் எழுந்திருக்க மாட்டேன் என்றார்.